பி.டி. பீரியடை யார் கடன் வாங்கினார்கள்?



ஒரு குழுவின் கணக்கு நோட்டுகளைச் சரிபார்க்கப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் தவணை, வட்டி எல்லாம் எழுதி முடித்து டீ குடிக்கிற நேரத்தில் ஒரு உறுப்பினர் பேச்சைத் தொடங்கினார். "எம் பொண்ணு ஏழாவது படிக்கிறா. வாரத்துல ரெண்டு பி.டி. பீரியட் இருக்குதாம். ஆனா ஒரு நாளும் வெளிய விடறதில்லையாம். கணக்கு டீச்சர் வந்து அந்த பீரியட கடன் வாங்கிக்கிறாங்களாம்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். குழுவின் ஊக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம குழுவில கடன் வாங்கினா தீர்மானம் போடுறோம். தவணை தவறினா அபராதம் போடுறோம். அந்த பீரியட எப்பத் திருப்பிக் கொடுத்தாங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு நாங்கள் போன ஊர்களில் எல்லாம் இதை விசாரித்தோம். சில பள்ளிகளில் மைதானம் இருக்கிறது, ஆசிரியர் இல்லை. சிலவற்றில் ஆசிரியர் இருக்கிறார், பந்து இல்லை. இன்னும் சிலவற்றில் இரண்டும் இருந்தும் பையன்கள் மட்டும் விளையாடுகிறார்கள், பெண் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் என்பது அவர்களுக்கு வகுத்த வேலை நேரம். ஒரு அரை நாளுக்குள் ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்பையும் ஒருவர் பார்த்துக்கொள்வது லேசான காரியம் இல்லை. ஆகவே ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கையில் இருப்பதை வைத்து அந்த பீரியடை எப்படி உயிரோடு வைத்திருக்கலாம் என்பதைத்தான் சொல்ல வந்தோம். கையில் இருப்பது இரண்டு: நம் ஊர் ஆட்டங்கள், ஆசிரியரின் செல்போன்.

"வீட்டு வேலை செய்யறாளே, அது போதாதா?"

கூட்டங்களில் அடிக்கடி வருகிற கேள்வி இது. தண்ணீர் சுமக்கிறாள், பெருக்குகிறாள், தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள், அதுவே உடற்பயிற்சிதானே என்கிறார்கள். அது உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் ஒரே இடுப்பு, ஒரே தோள், ஒரே குனிவு. ஓடுவது, தாவுவது, சட்டென்று திரும்புவது, மூச்சு வாங்க விரட்டுவது இதெல்லாம் அதில் கிடையாது. பெண்ணின் எலும்பு வலுவில் பெரும்பங்கு பதினெட்டு, இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. குதித்து இறங்கும்போது எலும்பில் விழுகிற அந்த அதிர்வுதான் அதை உறுதியாக்குகிறது. நம் சேமிப்பு மாதிரிதான் இதுவும். சின்ன வயதில் போட்டு வைத்ததை வைத்துத்தான் ஐம்பது வயதுக்கு மேல் காலம் தள்ள வேண்டும். முட்டி வலி, இடுப்பு வலி என்று குழுக் கூட்டத்தில் நாம் தரையில் உட்கார முடியாமல் நாற்காலி கேட்பதை நினைத்துப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சராசரியாக நாளைக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. 2016ஆம் ஆண்டு வரையிலான கணக்கைப் பார்த்தால், உலகம் முழுக்க 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை. பையன்களில் 78, பெண் பிள்ளைகளில் 85. எந்த நாட்டை எடுத்தாலும் பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தான் பின்தங்கி இருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஓடச் சொன்னால் சீக்கிரம் களைத்து உட்காருகிற பெண்ணைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், அதாவது 53 சதவீதம் பேருக்கு, இரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு முறை தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, ஜன்னல் வழியாக வீசுகிறாளா என்று கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை இரத்தம் பார்த்துவிடுங்கள்.

மாதத்துக்கு ஒரு ஆட்டம்

எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டியிடம், "உங்க காலத்துல என்ன வெளையாடினீங்க?" என்று கேட்டோம். அவர் ஆட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. "எந்த மாசத்துல?" என்று எங்களைத் திருப்பிக் கேட்டார்!

அதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள். ஆடிக் காற்றில் காற்றாடி. அறுவடை முடிந்து வயல் காய்ந்தால் சடுகுடு, கிளித்தட்டு. புளி உலுக்கி முடித்தால் வீடு நிறையப் புளியங்கொட்டை, அப்போது பல்லாங்குழியும் ஒற்றையா இரட்டையாவும். கோடையில் நுங்கு தின்று போட்ட கூந்தலில் வண்டி. அடைமழையில் திண்ணையில் தாயம், தட்டாங்கல். காற்று, மண், வெயில், எது கையில் கிடைக்கிறதோ அதுதான் ஆட்டத்தைத் தீர்மானித்தது. கடையில் போய் எதையும் வாங்கவில்லை. ஒரு பருவம் முடிந்தால் ஆட்டமும் மாறிவிடும். அதனால் சலிப்பும் தட்டவில்லை, உடம்பின் எல்லாப் பாகத்துக்கும் வேலையும் கிடைத்தது.

இதையே பள்ளியின் ஓராண்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஊருக்கு ஊர் மாறும். கடலோரத்தில் ஒரு மாதிரி, மேட்டுநிலத்தில் ஒரு மாதிரி.

ஜூனில் பள்ளி திறக்கும்போது வெயில் இன்னும் தணிந்திருக்காது. அந்த மாதத்தில் பி.டி. பீரியட் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வராமல் காலையிலோ கடைசி பீரியடிலோ வருகிற மாதிரி நேர அட்டவணையை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். மரநிழலில் பாண்டி போதும். சில ஊரில் சில்லுக்கோடு என்பார்கள், ஏதோ ஒரு பெயர். ஒற்றைக்காலில் கட்டம் தாண்டுவதும், ஓட்டுச் சில்லைக் குறி தவறாமல் போடுவதும் லேசாகத் தெரியும். பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள், கெண்டைக்கால் சொல்லும்!

ஆனி, ஆடியில் காற்று எழும்பும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடட்டும். ஓடினால்தான் அது சுற்றும், ஆகவே "ஓடு ஓடு" என்று யாரும் விரட்ட வேண்டியதில்லை. பட்டம் விடுவதாக இருந்தால் வெறும் பருத்தி நூல் மட்டுமே. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா கழுத்தை அறுத்து உயிரையே எடுத்திருக்கிறது. நைலான் மாஞ்சா நூலுக்கு 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் குளமாகிவிடும். பெரும்பாலான பள்ளிகளில் பி.டி. பீரியட் கடன் போவது இந்த மாதங்களில்தான். வராந்தா இருந்தால் போதும். கயிறு தாண்டலாம், தட்டாங்கல் ஆடலாம், நொண்டி ஆடலாம். பல்லாங்குழியில் எண்ணுவதும் பங்கு போடுவதும் வருவதால் கணக்கு டீச்சருக்கும் மனக்குறை இருக்காது. ஸ்மார்ட் வகுப்பறை உள்ள பள்ளியில் கோ-கோ ஆட்டத்தைப் பத்து நிமிடம் திரையில் போட்டு, எந்த இடத்தில் தவறு நடந்தது, ஏன் ஆட்டம் இழந்தார் என்று விதியைச் சொல்லிக் கொடுக்கலாம். பத்து நிமிடம்தான். நாற்பது நிமிடமும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது பி.டி. பீரியட் இல்லை, சினிமா கொட்டகை.

தை, மாசிதான் மண்ணில் இறங்கி ஆட நல்ல காலம். சடுகுடு, கோ-கோ, கிளித்தட்டு. கிளித்தட்டு தெரியாத இளம் தாய்மார்களுக்காகச் சொல்கிறோம்: தரையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒரு அணியினர் கோட்டின் மேல் நின்று மறிப்பார்கள். மற்ற அணி அவர்கள் கையில் படாமல் ஒவ்வொரு கோடாகத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். பந்து வேண்டாம், வலை வேண்டாம், சுண்ணாம்புப் பொடி இருந்தால் போதும். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஆடலாம். கிரிக்கெட்டில் ஒருவர் அடிக்க, ஒருவர் போட, மீதிப் பேர் வெயிலில் நிற்பதைவிட இது எங்களுக்கு மேலாகத் தெரிகிறது.

பங்குனி வந்தால் தேர்வு. ஆட்டம் தானாகக் குறைந்துவிடும். நுங்கு வண்டி விடுமுறைக்கு.

செல்போனுக்கு என்ன வேலை?

"அந்த செல்லாலதானே புள்ளைங்க கெட்டுப் போகுது. அத ஏன் மைதானத்துக்கும் கொண்டு வர்றீங்க?" என்று ஒரு அக்கா எங்களிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் கோபம் சரிதான். செல் பிள்ளையின் கையில் இருந்தால் பிள்ளை உட்கார்ந்துவிடும். நாங்கள் சொல்வது ஆசிரியரின் கையில் இருக்கிற ஒரே ஒரு செல். பிள்ளை ஓடும், செல் அளக்கும்.

முதல் வேலை ஸ்டாப் வாட்ச். சாதாரண பட்டன் செல்லில்கூட அது இருக்கிறது. 50 மீட்டர் தூரத்தைக் கயிற்றால் அளந்து இரண்டு கல் நட்டு வைத்துவிட்டால் வருடம் முழுக்க உதவும். ஜூலையில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை, மார்ச்சில் ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையையும் ஓடவிட்டு நேரத்தை நோட்டில் குறிக்கலாம். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கயிறு தாண்டினாள், ஒற்றைக்காலில் எவ்வளவு நேரம் நின்றாள், அதையும் பக்கத்தில் எழுதலாம். நம் தனிநபர் சேமிப்புப் பாஸ்புக் மாதிரி பிள்ளைக்கு ஒரு பக்கம். இதில் யார் முதல், யார் கடைசி என்று பார்ப்பதில்லை. ஜூலையில் 12 விநாடி எடுத்தவள் டிசம்பரில் 11 விநாடிக்கு வந்தால் அது அவளுடைய லாபம். வகுப்பில் எப்போதும் கடைசியாக வருகிற பிள்ளைக்கும் அந்தப் பக்கத்தில் ஏதாவது ஒரு முன்னேற்றம் இருக்கும். அதை அவளே பார்ப்பாள்.

இது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. 2019இல் ஒன்றிய அரசு கேலோ இந்தியா திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளின் உடல்திறனை அளந்து பதிவு செய்ய ஒரு செல்போன் செயலியை வெளியிட்டது. அதில் 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு என்ன சோதனை தெரியுமா? உயரம், எடை பார்ப்பதோடு ஒற்றைக்காலில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், எத்தனை தடவை தடுமாறினார்கள் என்று எண்ணுவார்கள். இன்னொன்று, இரண்டு வட்டங்களை ஒரு கையால் மாறி மாறி வேகமாகத் தட்டுவது. முதலாவது நம் நொண்டியும் பாண்டியும். இரண்டாவதற்கு வேண்டிய கை வேகம் தட்டாங்கல்லில் இருக்கிறது. 9 வயதுக்கு மேல் 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து முன்னால் வளைவது, தண்டால் போன்றவை. செயலி வரட்டும் வராமல் போகட்டும், அளவுகள் இவைதான். நோட்டும் பேனாவும் போதும்.

இரண்டாவது வேலை ஸ்லோ மோஷன் வீடியோ. நீளம் தாண்டும்போது கோட்டுக்கு முன்னால் எந்தக் காலை ஊன்றினாள் என்பது கண்ணுக்குத் தெரியாது. மெதுவாக ஓடவிட்டுக் காட்டினால் "ஐயோ, நான் கோட்டுக்கு முந்தியே நிக்கிறேன்" என்று அவளே சொல்லிவிடுவாள். பத்து விநாடி எடுத்தால் போதும்.

மூன்றாவது, மழையும் இடியும். வெளியே ஆடும்போது வானம் இருட்டினால் பள்ளி என்ன செய்கிறது என்று கேளுங்கள். இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி என்ற இலவசச் செயலி, நாம் நிற்கிற இடத்தைச் சுற்றி மின்னல் விழுகிறதா என்று காட்டுகிறது. செயலி இல்லாவிட்டாலும் கவலையில்லை. மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடி ஆகவே ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரலாம். களை எடுக்கப் போகிற நமக்கும் இதே கணக்குதான்.

எங்கள் தவறு ஒன்று

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு பள்ளியில் ஸ்லோ மோஷன் விஷயத்தை நாங்கள்தான் ஆசிரியரிடம் ஆர்வமாகச் சொன்னோம். அவரும் நல்லெண்ணத்தில் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் நீளம் தாண்டுவதை எடுத்தார். பெற்றோரும் பார்க்கட்டும் என்று வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மறுநாள் காலை ஒரு தாய் பள்ளி வாசலில் நின்றார். "பொம்பளப் புள்ளய வீடியோ எடுத்து ஊருக்கே அனுப்புவீங்களா? எவன் எவன் செல்லுல இருக்குதோ!" என்றார். அன்றோடு அவர் மகள் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் மூன்று பேர்.

அந்த அம்மா சொன்னதில் என்ன தப்பு? தாய்மார்களை ஒரு வார்த்தை கேட்காமல் நாங்கள் யோசனை சொன்னதுதான் தப்பு. பிறகு அந்த ஊர்க் குழுக்களையும் ஆசிரியரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினோம். பேசி முடிவு செய்தது இது: பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் எடுப்பது. ஒரு ஆசிரியை கூட இருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே கால் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தால் போதும், காலைத்தானே பார்க்க வேண்டும்? அந்தப் பிள்ளைக்குக் காட்டியவுடன் அவள் கண் முன்னால் அழித்துவிட வேண்டும். எந்தக் குழுவுக்கும் அனுப்பக் கூடாது. தீர்மானமாக எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று பிள்ளைகள் அடுத்த வாரமே வந்துவிட்டார்கள். அந்தப் பெண் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு அணி எடுத்து முடித்துவிட்டார்கள். எங்களைக் கண்டால் அவள் இப்போதும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

வயதுக்கு வந்த பிறகு

பாண்டியும் கயிறும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. வயதுக்கு வந்ததும் "இனிமே என்ன ஓட்டம்?" என்று சொல்வது பள்ளி இல்லை, நாம்தான். மாதவிலக்கு நாளில் விளையாடக் கூடாது என்று மருத்துவம் சொல்லவில்லை. வலி அதிகம் இருந்தால் ஓய்வு, இல்லாவிட்டால் ஆடலாம். அவளுக்கு வேண்டியது தண்ணீர் வருகிற கழிப்பறை, மாற்ற நாப்கின், சுடிதார் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு டிராக் பேண்ட், டி-ஷர்ட்டில் ஆட அனுமதி.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி நடந்தது. பெண்கள் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் சென்னை கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா இருந்தார். ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990இல் வந்துவிட்டது. பெண்கள் கபடியைச் சேர்க்க 2010 வரை ஆனது. இருபது வருடம்! நம் தெருவில் எத்தனை பேர் அந்த இருபது வருடத்தில் கல்யாணம் முடிந்து போயிருப்பார்கள்.

கேட்க நமக்கு இடம் இருக்கிறது

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைப்படும் விளையாட்டுப் பொருள்கள் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் இருக்கிறது. அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நம் உறுப்பினர்கள் பலர் அதில் இருக்கிறார்கள். ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதியில் விளையாட்டுப் பொருள் வாங்க ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரை, நடுநிலைப் பள்ளிக்கு 10,000 வரை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 வரை தர இடம் உண்டு. எல்லா வருடமும் முழுசாக வந்துவிடும் என்று சொல்ல முடியாது. 2024-25இல் இந்தத் திட்டத்துக்கான ஒன்றிய அரசின் பங்கு தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதனால் "இந்த வருஷம் விளையாட்டுக்கு எவ்வளவு வந்துச்சு, என்ன வாங்குனீங்க, அது எங்க இருக்கு?" என்று மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். மூன்றாவது கேள்வி முக்கியம். ஒரு பள்ளியில் புதுப் பந்தும் வளையமும் பிரிக்காத பொட்டலமாகப் பீரோவில் இருந்தன. கொடுத்தால் கெட்டுப் போகுமாம்!

கூடவே, பி.டி. பீரியட் நடந்ததா, யார் எடுத்துக்கொண்டார்கள், எந்த நாளில் திருப்பித் தந்தார்கள் என்று ஒரு சின்ன நோட்டு போடச் சொல்லுங்கள். முதலில் சொன்ன ஊக்குநர் தன் ஊர்ப் பள்ளியில் இதைக் கேட்டுவிட்டார். தலைமையாசிரியர் முதலில் முகம் சுளித்தார், பிறகு சரி என்றார். முதல் மாத நோட்டில் எட்டு பீரியடில் ஐந்து கடன் போயிருந்தது. இரண்டு திரும்பி வந்திருக்கிறது. மீதி மூன்று நிலுவை.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊரில் பெரியவர்களிடம் கேட்டு, எந்த மாதத்தில் என்ன ஆட்டம் ஆடினார்கள், எத்தனை பேர், என்ன பொருள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஆடிக் காட்டலாம். கூட்ட அறையின் மேசைகளை ஓரமாக நகர்த்தி வைத்திருப்போம். தட்டாங்கல்லுக்கு ஐந்து கல் நீங்களே எடுத்து வாருங்கள்.